சாஜாங்கின் காதருகே

உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை. அதில் வரிசையாக ஐந்து வட்டங்கள். இடது ஓரத்தில் இருப்பது மிளகு போலச் சின்னது. வலப்பக்கம் போகப் போகப் பெருத்து, கடைசி வட்டம் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து நிற்கும். சின்னதன் கீழே ‘துளியும் இல்லை’ என்றும் பெரியதன் கீழே ‘மிகவும்’ என்றும் கொரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. யாங்கோனில், க்யிம்யிண்டைங் படகுத்துறையைப் பார்த்த ஒரு மாடி வீட்டின் முன்னறையில், அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் பழைய முதலாளி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய இடது காதருகே குனிந்து, இருக்கிற குரலையெல்லாம் திரட்டிக் கொரிய மொழியில் கத்தினேன்: “சாவை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது! இது உங்களுக்கு எவ்வளவு பொருந்தும்?”

கீழே வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்கள். நல்லவேளை, அவர்களுக்குக் கொரிய மொழி தெரியாது. முதலாளி அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. மிளகு வட்டத்தின் மேல் விரலை வைத்துவிட்டு, “அடுத்தது” என்றார். தையல் தொழிற்சாலையில் துணிக்கட்டுகளைப் பார்வையிடும்போது இதே குரலில்தான் “அடுத்தது” என்பார்.

தொழிற்சாலையில் நாங்கள் எல்லாரும் அவரைச் சாஜாங் என்றுதான் கூப்பிடுவோம். கொரிய மொழியில் முதலாளி என்று பொருள். பர்மியப் பெண்கள், கரேன் பெண்கள், என்னைப் போல ஒன்றிரண்டு தமிழச்சிகள், அத்தனை பேர் வாயிலும் அது அவருடைய சொந்தப் பெயர் போலவே ஆகிவிட்டது. அவருக்கும் என் பெயர் முழுசாக வராது. கொரிய நாக்குக்கு ‘வ’ புரளாது. செல்வி என்ற நான் அவருக்குக் கடைசிவரை ‘செல்பி’தான். கைப்பேசியில் தன்னைத்தானே படம் எடுக்கும் பழக்கம் ஊரெல்லாம் பரவிய பிறகு, அவர் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் தையல்காரப் பெண்கள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு சிரிப்பார்கள்.

நான் யாங்கோனின் வடக்கு ஓரத்து இன்சீன்காரி. என் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து ரயில் பட்டறை வேலைக்கு வந்தவர். அப்பாவும் அதே பட்டறைதான். பள்ளியில் பர்மிய மொழி, வீட்டில் பாதித் தமிழ் என்று வளர்ந்த நான் கொரியா போய்ச் சம்பாதிக்கலாம் என்ற ஆசையில் அந்த மொழியைக் கற்றேன். பரீட்சையில் தேறியும்விட்டேன். மருத்துவச் சோதனையில் நுரையீரலில் ஏதோ பழைய தழும்பு தெரிந்தது. கொரியா போகவில்லை. கற்ற மொழி மட்டும் மிஞ்சியது. அதை வைத்துத்தான் சாஜாங்கின் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். மொழிபெயர்ப்பாளர் என்றால் மேசையும் நாற்காலியும் அல்ல. வரிசை வரிசையாகத் தையல் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருக்கும் கூடத்தில் அவர் பின்னாலேயே நடந்து, அவர் சொல்வதைப் பெண்களிடம் பர்மிய மொழியிலும், அவர்கள் சொல்வதை அவரிடம் கொரிய மொழியிலும் கத்த வேண்டும். வருடக்கணக்கில் அந்த இரைச்சல் அவருடைய காதுகளைத் தின்றுவிட்டது. மற்றவர் பேச்சு அவருக்கு வண்டு முரல்வது போலக் கேட்கும். என் குரல் மட்டும், அதுவும் இடது காதருகே, தெளிவாக விழும். அவருடைய காது என் குரலுக்குப் பழகிவிட்டது என்று மருத்துவரே சொன்னார்.

அதனால்தான் தொழிற்சாலையை மூடிய பிறகும் அவர் வீட்டுக்கு நான் போய்வந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரரோடு பேச, மருத்துவரிடம் அழைத்துப்போக, தண்ணீர் மோட்டார் பழுதானால் ஆள் பிடிக்க, எல்லாவற்றுக்கும் ஒரு குரல் வேண்டியிருந்தது. இன்சீனில் வட்ட ரயிலில் ஏறினால் க்யிம்யிண்டைங்கில் இறங்கி நடந்துவிடலாம். தொழிற்சாலை மூடியதும் மற்றக் கொரியர்கள் பெட்டியைக் கட்டினார்கள். அவர் கட்டவில்லை. மனைவி முன்பே சியோலில் காலமாகிவிட்டார். ஒரே மகன் அங்கேதான் இருந்தார். ஏன் இங்கேயே இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும், “ஆறு நன்றாக இருக்கிறது” என்பார்.

அப்படி இருக்கும்போதுதான் கொரியாவிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். என்னைவிட வயதில் இளையவர், கண்ணாடி போட்டவர், வெயிலுக்குப் பயந்து எப்போதும் குடை பிடிப்பவர். வெளிநாடுகளில் தங்கிவிட்ட வயதான கொரியர்கள் மரணத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. பயமா, ஏற்பா, வெறுப்பா, தயாராக இருக்கிறார்களா என்று கேள்விகள் வைத்து அளக்க வேண்டும். சாவை எப்படியம்மா அளப்பது என்று நான் கேட்டேன். “சாவை அளக்கவில்லை. அதைப் பார்த்து மனிதர்கள் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறார்கள் என்பதைத்தான் அளக்கிறோம்” என்றார். யாங்கோனில் அப்படிப்பட்ட முதியவர்கள் கொஞ்சம் பேர்தான். வழி காட்டவும், பர்மிய மனைவிகளோடு வாழ்கிறவர்கள் வீட்டில் பேச்சுக்கு உதவவும் என்னை அழைத்துக்கொண்டார். சாஜாங்குக்கு மட்டும் கேள்விகளை நானே படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த வேலையைப் பற்றி அம்மாவிடம் சொன்ன நாளை மறக்க மாட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் சாவு என்ற சொல்லே கிடையாது. அப்பா போனதைக்கூட “அந்த வருஷம்” என்றுதான் சொல்வாள். யாராவது தப்பித் தவறிப் பேசிவிட்டால் “நல்ல வார்த்தை பேசு” என்று தரையை ஒரு தட்டுத் தட்டுவாள். நான் சொல்லி முடித்ததும் கீரைக்கட்டைக் கீழே வைத்தாள்.

“ஏண்டி, ஊர்ல வேற வேலையே கெடைக்கலியா? எமனுக்குக் கணக்கப்பிள்ளையா போறியா?”

“கேள்வி கேக்கறதுதாம்மா. அவங்க நாட்டு ஆளுங்களத்தான்.”

“எந்த நாட்டு ஆளா இருந்தா என்ன? வயசானவங்க மூஞ்சிக்கு நேரா போயி இதைக் கேக்க ஒனக்கு எப்படி வாய் வரும்?”

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் சாஜாங்கிடம் கேட்கத் தயங்கவில்லை. அவர் சாவுக்கு அஞ்சாதவர் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

தொழிற்சாலை நன்றாக ஓடிய காலத்தில், ஆற்றுக்கு அக்கரைக் கிராமத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் இளம் தையல்காரி காய்ச்சலில் இறந்துவிட்டாள். செய்தி வந்ததும் சாஜாங் படகு ஏற்பாடு செய்யச் சொன்னார். மழை விட்ட நேரம். கரையிலிருந்து அவள் குடிசைவரை கணுக்கால் சேறு. கோட்டும் டையும் போட்ட மனிதர் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். குடிசைக்குள் பாயில் கிடத்தியிருந்த பெண்ணின் எதிரே நின்று, நெற்றி மண்ணில் படும்படி முழந்தாளிட்டு வணங்கினார். எழுந்தார். மறுபடியும் அதே போல வணங்கினார். அந்தப் பெண்ணின் தகப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலாளி தன் மகளின் காலடியில் விழுவதை அவர் எந்தக் காலத்திலும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். திரும்பும் படகில் நான் கேட்டேன், எதற்கு இரண்டு முறை என்று. “உயிரோடு இருப்பவருக்கு ஒரு முறை. இறந்தவருக்கு இரண்டு முறை. எங்கள் வழக்கம்” என்றார். முழங்காலில் ஒட்டிய சேற்றைத் துடைக்கவும் இல்லை. அப்போதே முடிவு கட்டிவிட்டேன், இந்த மனிதருக்கு மரணம் தெரிந்த வீட்டு வாசல் மாதிரி என்று.

ஆகவே அந்த முதல் நாளில் அவர் விரல் மிளகு வட்டத்திலேயே நின்றது எனக்கு வியப்பாக இல்லை. பயம் துளியும் இல்லை. தனியாகச் சாக நேருமோ என்ற கவலை துளியும் இல்லை. கடைசி நாட்களைப் பற்றிக் குடும்பத்தாரிடம் பேசிவிட்டேன் என்ற வரிக்கு மட்டும் விரல் சட்டென்று எலுமிச்சம்பழத்துக்குத் தாவியது. மிகவும் பொருந்தும். டீ ஆறுவதற்குள் எல்லாக் கேள்விகளும் முடிந்தன. பேராசிரியை நன்றி சொல்லிவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் திரும்பி வந்து இதே கேள்விகளை மறுபடி கேட்பேன் என்றார். கேள்விகள் உறுதியானவையா என்று பார்க்க அப்படி ஒரு முறை இருக்கிறதாம். ஒரே துணியை இரண்டு தடவை அளந்தால் ஒரே அளவு வர வேண்டும் அல்லவா, அது போல. அதை நான் காதில் கத்தியதும் சாஜாங் தலையசைத்தார். “அப்போதும் இதேதான் சொல்வேன். துணி சுருங்காது.”

மழைக்காலத்தின் நடுவில் அவருடைய சிநேகிதர் இறந்தார். அவரும் கொரியர்தான். நகரத்தில் சின்ன உணவுக்கடை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கறுப்பு வெள்ளைக் காய்கள் வைத்து ஆடும் பலகை விளையாட்டில் மணிக்கணக்காக மூழ்கியிருப்பார்கள். ஒரு காலையில் கடையைத் திறக்கவில்லை. கதவை உடைத்துப் பார்த்தபோது படுக்கையிலேயே போயிருந்தார். அவருக்கு உறவென்று யாரும் வரக்கூடிய நிலையில் இல்லை. காரியங்களை எல்லாம் சாஜாங்கே நின்று செய்தார். நான் கூடவே இருந்து எல்லாரிடமும் பேசினேன்.

கொரியர்களுக்கு அஞ்சலியில் இறந்தவரின் படம் முக்கியம். பலர் உடம்பு நன்றாக இருக்கும்போதே அதற்கென்று தனியாகப் படம் எடுத்து வைத்துவிடுவார்களாம். எடுத்து வைத்தால் ஆயுள் நீளும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டாம். சிநேகிதர் எடுத்து வைக்கவில்லை. கடைசியில் விசாவுக்காக எடுத்த தபால்தலை அளவுப் படத்தைத்தான் பெரிதாக்கினோம். பெரிதாக்கியதும் முகம் மணல் மணலாகப் பிரிந்துவிட்டது. பொய் சொல்லிப் பிடிபட்டவர் போல ஒரு பார்வை. சாஜாங் அதன் முன்னால் இரண்டு முறை வணங்கினார். எழுந்ததும் என் பக்கம் திரும்பி, “இது அவன் இல்லை, செல்பி” என்றார். “இத்தனை பேர் வந்து வேறு யாரையோ வணங்கிவிட்டுப் போகிறார்கள்.”

அடுத்த சில நாட்கள் பலகையும் காய்களும் மேசைமேல் அப்படியே இருந்தன. பிறகு ஒருநாள் கோட்டை இஸ்திரி போடச் சொன்னார். “நானும் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நல்லதாக.”

க்யிம்யிண்டைங் சந்தையில் ஒரு பாய் படக்கடை வைத்திருந்தார். தமிழ் முஸ்லிம். அவர்கள் குடும்பம் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. திருமணப் படம், கடவுச்சீட்டுப் படம் எல்லாம் அவரிடம்தான். அன்று காலை அம்மாவும் கருவாடு வாங்க என்னோடு சந்தைக்கு வந்திருந்தாள். எதற்குப் படம் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. கடைக்குள் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சாஜாங் நீலத் திரைக்கு முன்னால் விறைத்து உட்கார்ந்தார். பாய் எவ்வளவோ முயன்றார். முகம் தொழிற்சாலை வாசலில் நிற்கும் முதலாளி முகமாகவே இருந்தது. சாஜாங்குக்கே அது பிடிக்கவில்லை. “வருகிறவர்கள் அழுதுகொண்டு வருவார்கள். நானும் உம்மென்று இருந்தால் எப்படி? சிரிக்க வேண்டும். ஆனால் வரமாட்டேன் என்கிறது” என்று என்னிடம் சொன்னார்.

பாய் என்னைப் பார்த்து, “என்னம்மா, பாஸ்போர்ட்டுக்கா? அதுக்குச் சிரிக்கக் கூடாதே” என்றார். நான் பதில் சொல்லத் தயங்கியபோது, கேள்வியை எப்படியோ ஊகித்துவிட்ட சாஜாங், தனக்குத் தெரிந்த நாலு பர்மியச் சொற்களைக் கோத்து உரக்கச் சொன்னார்: “நான் செத்த பிறகு வைக்க!” பர்மிய மொழியில் பெரியவர்களுக்குச் சொல்கிற மரியாதைச் சொல் அவருக்குத் தெரியாது. நாய் பூனைக்கும் சொல்கிற சொல்லைச் சொல்லிவிட்டார்.

அம்மா பெஞ்சில் பட்டென்று அறைந்தாள். “ஐயோ, என்ன மனுஷன்டி இது! உக்காந்த எடத்துல என்ன பேச்சு பேசறாரு!” பாய் தலையைக் குனிந்துகொண்டார். நான் அம்மாவைச் சமாதானப்படுத்தப் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயதான மனிதர், தனியாக, நீலத் திரைக்கு முன்னால், டை ஒரு பக்கமாகக் கோணியிருக்க. சற்று நேரம் பார்த்தாள். பிறகு பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நேரே அவரிடம் போனாள். டையைப் பிடித்து நடுவில் இழுத்துவிட்டாள். பர்மிய மொழியில் ஏதோ முணுமுணுத்தாள்.

“ஹா?” என்று சாஜாங் காதைக் காட்டினார்.

அம்மா குனிந்து, அதே பர்மிய மொழியில் சந்தைக்கே கேட்கும்படி கத்தினாள்: “போறதுதான் போறீங்க, டையாவது நேரா இருக்கட்டும்னேன்!”

அது அவருக்கு எப்படிப் புரிந்ததோ. என் குரலைத் தவிர எதுவும் விழாத அந்தக் காதில் அம்மா குரல் விழுந்துவிட்டது. தோள் குலுங்க, கண் இரண்டும் கோடாகிக் காணாமல் போகும்படி சிரித்தார். பாய் கெட்டிக்காரர், அந்த நொடியை விடவில்லை. வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அம்மா பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். இன்சீன் வரும்போது, “பாவம், பக்கத்துல ஒரு ஆளு இல்ல அவருக்கு” என்றாள்.

மழை நின்று வானம் வெளுத்ததும் பேராசிரியை திரும்பி வந்தார். அதே முன்னறை, அதே நாற்காலி. மின்சாரம் போயிருந்ததால் சன்னல்களைத் திறந்து வைத்திருந்தோம். ஆற்றுக் காற்று வந்தது. நான் காதருகே குனிந்து முதல் வரியைக் கத்தினேன். சாவை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அவர் அட்டையைப் பார்த்தார். போன முறை பார்க்கவே இல்லை. இப்போது வெகுநேரம் பார்த்தார். விரல் நடு வட்டத்துக்கு வந்து, தயங்கி, அதையும் தாண்டிப் போய் எலுமிச்சம்பழத்தின் மேல் நின்றது. பேராசிரியை என்னைப் பார்த்தார், நான் சரியாகப் படித்தேனா என்று. மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். விரல் நகரவில்லை. அடுத்தடுத்த வரிகளும் அப்படித்தான். முன்பு மிளகாக இருந்தவை எல்லாம் பெருத்தன. குடும்பத்தாரிடம் பேசிவிட்டேன் என்ற வரிக்கு எலுமிச்சம்பழத்திலிருந்து மிளகுக்கு இறங்கி வந்தார்.

“போன முறை வேறு மாதிரி சொன்னீர்களே, ஐயா” என்று பேராசிரியை கேட்கச் சொன்னார்.

“போன முறை முதலாளி பதில் சொன்னான்” என்றார் சாஜாங். “படம் எடுக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவனைத் தவிர இன்னொருவன் உள்ளே இருக்கிறான் என்று.”

தனியாகச் சாக நேருமோ என்று கவலைப்படுகிறேன். இந்த வரி வந்ததும் அவர் அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார். “இதற்கு வட்டம் இல்லை. அது கவலை அல்ல. அது எனக்கு உரியது.”

பேராசிரியை பேனாவை எடுத்து, பிறகு கீழே வைத்தார். தாளில் இல்லாத எதையும் கேட்கவே கூடாது என்று எனக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். ஒரு சொல்லைக் கூட்டினாலும் அளவு கெட்டுவிடும் என்பார். அவரே முன்னால் சாய்ந்து, என் உதவியில்லாமல், அவருடைய காதுக்கு எட்டும்படி கத்திக் கேட்டார்: “ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?”

சாஜாங் ஆற்றைப் பார்த்தபடி சொன்னார். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தபோது ஒரு பெரிய சரக்கு கப்பலேற வேண்டியிருந்தது. முதலில் சரக்கு போகட்டும் என்று இருந்துவிட்டார். பிறகு கிளம்பி, விமானம் மாறிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து சாம்பலாகியிருந்தது. வீட்டில் எல்லாரும் இருந்தார்களாம், அவர் மட்டும் இல்லை. “என் மனைவி நான் பக்கத்தில் இல்லாமல் போனாள். நான் மட்டும் மகன் மடியில், பேரப்பிள்ளைகள் சூழ, வசதியாகப் போவதா? அது நியாயம் இல்லை. அதனால்தான் இங்கே இருக்கிறேன். ஆனால் பயமாக இருக்கிறது. கடைக்காரனைக் கதவு உடைத்து எடுத்தோமே, அன்றிலிருந்து பயமாக இருக்கிறது.”

ஆறு நன்றாக இருக்கிறது என்று இத்தனை வருடம் அவர் சொன்ன பதிலுக்குப் பின்னால் இது இருந்திருக்கிறது. நான் அவர் குரலாகவே அலைந்தவள். எனக்குத் தெரியாது.

“மகனிடம் சொன்னீர்களா?” என்றார் பேராசிரியை.

தொலைபேசிப் பேச்சு அவர் காதில் விழாது. அப்பாவும் மகனும் எழுத்தில்தான் விசாரித்துக்கொள்வார்கள். சாப்பிட்டேன், நலம், மழை பெய்கிறது. அவ்வளவுதான். இதையெல்லாம் ஒற்றை விரலால் எப்படி எழுதுவது? சாஜாங் கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசியை என்னிடம் நீட்டினார். “போடு, செல்பி. நீ சொல்லு, நான் கேட்கிறேன்.”

மகன் வேலை நடுவில் எடுத்தார். என் குரலைக் கேட்டதும் பதறிவிட்டார். அப்பா நன்றாக இருக்கிறார், பேச விரும்புகிறார், நீங்கள் சொல்வதை நான் காதில் சொல்வேன் என்றேன். சாஜாங் கைப்பேசியைப் பார்த்து, எங்களிடம் சொன்னதை அப்படியே மகனிடம் சொன்னார். இடையில் நிறுத்தவில்லை. முடித்ததும் என் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார். பிறகு மகனுடைய குரல் வந்தது. உடைந்த குரல். அதை நான் உடைக்காமல் கத்த வேண்டியிருந்தது.

“அப்பா, எல்லாரும் வீட்டில்தான் இருந்தோம். ஆனால் அம்மா பக்கத்தில் இல்லை.”

“என்ன?” என்றார் சாஜாங்.

“அம்மா தூங்குகிறாள் என்று நினைத்து அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்! திரும்பி வந்து பார்த்தபோது போயிருந்தாள்! நானும் பக்கத்தில் இல்லை, அப்பா! யாரிடமும் சொல்லவில்லை!”

பேராசிரியை முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சாஜாங் இரண்டு கைகளாலும் கைப்பேசியைப் பிடித்திருந்தார். அவருக்கு ஒலி கேட்காது, ஆனாலும் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். “சாப்பிட்டுக்கொண்டிருந்தாயா” என்றார். “நல்லது. சாப்பிட்டாயே, நல்லது.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மகன் கடைசியாகக் கேட்டதையும் நான்தான் சொன்னேன். “வருகிறீர்களா, அப்பா?” அந்த வாரம் முழுவதும் சாஜாங் தினமும் என்னைக் கூப்பிட்டார். தினமும் நான் அவர்களுக்கு நடுவே கத்தினேன். பேரன் என்ன படிக்கிறான், எந்த அறையில் வெயில் வரும், முள்ளங்கி ஊறுகாய் யார் போடுகிறார்கள். ஒரு நாள் அப்படியே பேச்சுவாக்கில் அவர் புறப்படும் தேதி முடிவாகிவிட்டது.

மகனோடு முதலில் பேசிய அன்றே, வெளியே வந்ததும் பேராசிரியையை டீக்கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். டீ வந்தும் அவர் தொடவில்லை. இரண்டு அளவும் இவ்வளவு மாறினால் கேள்விகளில்தான் கோளாறு என்று சொல்வார்கள் என்றார். அதோடு தான் தாளுக்கு வெளியே போய்க் கேட்டதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும், எழுதினால் அந்தப் பெரியவருடைய பதில்களை ஒதுக்கி வைத்துவிடுவார்கள் என்றார். “பரவாயில்லையா?” என்று கேட்டேன். “ஆய்வுக்கு நஷ்டம்தான்” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ஆனால் இன்று நான் அங்கே இருந்தேன்.” அதற்குப் பிறகு டீயைக் குடித்தார்.

சாஜாங் புறப்பட்ட அன்று பழைய தையல்காரப் பெண்கள் விமான நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். கன்னத்தில் தனக்கா என்னும் மரச்சாந்து பூசி, நல்ல லுங்கி உடுத்தி, சிலர் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு. ஒவ்வொருத்தியும் அவர் காதில் போய்க் கத்தினாள். இயந்திரக் கூடத்தில் கத்திப் பழகியவர்கள் ஆயிற்றே. சண்டை நடக்கிறதோ என்று காவலர் ஓடி வந்தார். எந்தக் காதில் யார் கத்தினாலும் சாஜாங் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எத்தனை விழுந்ததோ தெரியாது. என்னிடம் வந்தபோது, “உனக்கு இனி குரல் மிச்சம்” என்றார். நான் சிரிக்கத்தான் நினைத்தேன்.

அதன் பிறகு தொற்றுநோய் வந்தது, விமானங்கள் நின்றன, எங்கள் ஊருக்கும் வேறு கஷ்டங்கள் வந்தன. இப்போது நான் வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளுக்குக் கொரிய மொழி சொல்லித் தருகிறேன். எல்லாருக்கும் ஊரை விட்டுப் போகிற அவசரம். மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து வகுப்பு. சத்தம் போடாமல் பேச எனக்கு இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டிலும் கொரிய மொழி கற்கிறார்கள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

சில குளிர்காலங்கள் கழித்து மகனிடமிருந்து செய்தி வந்தது. அப்பா போய்விட்டார், நாங்கள் எல்லாரும் பக்கத்தில் இருந்தோம் என்று எழுதியிருந்தார். கூடவே அஞ்சலி மண்டபத்தின் படம் ஒன்று. வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவில் பாய் எடுத்த அந்தச் சிரிப்பு. பக்கத்தில் கறுப்புக் கோட்டும் கையில் துக்கப் பட்டையுமாக மகன்.

அம்மாவிடம் காட்டுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் காட்டினேன். இப்போது அவளுக்குக் கண் மங்கல். பெரிதாக்கச் சொன்னாள். பெரிதாக்கினேன். சிரிப்பைப் பார்த்தாள். பிறகு விரலால் திரையைத் தள்ளி, ஓரத்தில் நின்றவரைத் தொட்டாள்.

“இது அவரு மகனா?”

“ஆமாம்மா.”

“பக்கத்துலயே நிக்கறான்” என்றாள். தரையைத் தட்டவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து, நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, தானாகவே பேச ஆரம்பித்தாள். அவளுக்கு மாவ்பியில் ஒரு தங்கை உண்டு. எனக்குச் சின்னம்மா. அப்பா இறந்த அன்று மாவ்பியிலிருந்து வந்த பஸ் வழியில் நின்றுபோய், சின்னம்மா வந்து சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். “எல்லாம் முடிஞ்ச பிறகு எதுக்குடி வந்தே?” என்று அம்மா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். சின்னம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினாள். அதோடு போக்குவரத்து நின்றது. அந்தப் பெயரை அம்மா வாயால் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது.

“எனக்கு ஏதாவது ஆச்சுன்னா மொதல்ல அவளுக்குச் சொல்லு. லேட்டாச்சுன்னா அவளுக்காக வெச்சிருங்க. எடுத்துடாதீங்க” என்றாள் அம்மா.

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். “அதுக்கு ஏம்மா அதுவரைக்கும் காத்திருக்கணும்? மாவ்பி என்ன, கடலுக்கு அந்தாண்டையா இருக்கு?” என்றேன்.

போன வாரம் போனோம். அம்மா பஸ்ஸில் வழியெல்லாம் முந்தானையைத் திருகிக்கொண்டே வந்தாள். சின்னம்மா வீட்டு வாசலில் கத்தரிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாளியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

“என்னக்கா, சொல்லாம கொள்ளாம?”

“பேசற தெம்பு இருக்கும்போதே வந்துட்டேன்” என்றாள் அம்மா. “அப்புறம் நீ வந்தா நான் பேச முடியாது பாரு.”

சின்னம்மாவின் முகம் கோணியது. வாளியை வைத்தாள். ஈரக் கையை லுங்கியில் துடைத்தாள். அக்காவின் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். யார் என்ன சொல்கிறார்கள் என்றே பிரியவில்லை. பொழுது சாய்ந்ததும், யாங்கோனுக்குக் கடைசி பஸ் கிளம்பப் போகிறது என்று சொல்ல நான் உள்ளே போனேன். முருங்கைக்கீரைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்த இருவரும் தலையைத் தூக்கவே இல்லை. நான் வெளியே வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டேன். பஸ் போயிற்று.